குருநகர் ரீச்சரின் தண்ணீர்

குருநகர் ரீச்சரிடம் ஒரு சாராயப் போத்தல் இருந்தது. லேபலை ஊறவிட்டு உரித்திருந்தாலும், கழுத்தையும் தோளையும் பார்த்தே அது என்ன போத்தல் என்று எவரும் சொல்லிவிடுவார்கள். அதற்குச் சாக்குத் துணியில் ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தார். காலையில் கிணற்றடியில் போத்தலை நிரப்பி, சட்டையைச் சொட்டச் சொட்ட நனைத்து, சைக்கிள் ஹாண்டிலில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வருவார். பலாலி வீதிக் காற்று ஈரச் சாக்கில் பட்டுப் பட்டு, உரும்பிராய்க்கு வந்து சேர்வதற்குள் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்திருக்கும். மின்சாரம் நின்று போய், குளிர்சாதனப் பெட்டி இருந்த வீடுகளில் அதற்குள் புத்தகமும் உடுப்பும் அடுக்கி வைத்திருந்த காலம் அது.

முதல் கிழமையே அதிபர் அந்தப் போத்தலை ஆசிரியர் அறை மேசையில் கண்டுவிட்டார். கல்வித் திணைக்களத்தில் இருந்து யாராவது வந்தால் என்ன நினைப்பார்கள் என்று மெல்லிய குரலில் கேட்டார். ரீச்சர் அவருடைய தேத்தண்ணிப் பேணியை எடுத்து அதில் வார்த்துக் கொடுத்தார். அதிபர் குடித்தார். பிறகு ஐஸ் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டார்.

அவருக்கு அழகான ஒரு பெயர் இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் அதைச் சொல்வதில்லை. குருநகரில் தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போகிற குடும்பம். குண்டு வீச்சில் கரையோர வீடுகள் உடைந்தபோது உள்ளே இடம்பெயர்ந்து வந்து, கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டின் பக்கத்து அறையில் இருந்தார். சமூகக்கல்வி படிப்பித்தார். நான் கணிதம். இருவரும் ஒன்றாகச் சைக்கிளில் போய் வந்தோம். என்னை விடப் பத்து வயது மூத்தவர். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் நேரம் கிடைக்கவில்லை என்பார்.

மற்றவர்கள் ஒருவரைக் கண்டால் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் உதட்டைப் பார்ப்பார். தோல் வெடித்திருந்தால் போத்தல் நீளும். உதட்டில் சந்தேகம் இருந்தால் அடுத்த கேள்வி வரும். புதிதாக வந்த விஞ்ஞான மாஸ்ரரிடம் அதை அவர் முழு ஆசிரியர் அறைக்கும் கேட்கும்படியாகக் கேட்டார்.

"தம்பி, காலமை சலம் என்ன நிறத்திலை போனது?"

பேராதனையில் படித்துப் பட்டம் பெற்று வந்த பிள்ளை அது. கையில் இருந்த சோக்குக் கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றது. ரீச்சர் அதற்கு உதவி செய்கிறவர் போல, மூத்திரம் இளநீர் நிறமோ, வைக்கோல் நிறமோ, தேத்தண்ணி நிறமோ என்று கேட்டார். மாஸ்ரர் வெகு நேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி என்றார்.

"பாவம். சாயமும் கூடப் போட்டிருக்கு" என்று சொல்லிப் போத்தலைத் திறந்தார் ரீச்சர்.

அன்றிலிருந்து அந்த மாஸ்ரர் ரீச்சரைத் தூரத்தில் கண்டாலே "வைக்கோல், ரீச்சர்" என்று சொல்லிக்கொண்டு போவார்.

குடிப்பதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. பாடம் மாறும் மணி அடித்தால் நாலு மிடறு. தாகம் எடுத்ததா இல்லையா என்பது அவருக்குப் பொருட்டில்லை. தாகம் வந்தால் பிந்திப் போச்சு என்பார். அது தகப்பனிடம் கேட்ட சொல். கடலுக்குப் போகிறவர்கள் தண்ணீரைச் சேமிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று நான் ஒருநாள் சொன்னதற்கு, தன் சித்தப்பாவின் கதையைச் சொன்னார். வள்ளத்தின் இயந்திரம் பழுதாகி, அவரும் இன்னொருவரும் வெயிலில் இழுபட்டுப் போயிருக்கிறார்கள். சித்தப்பா தன் பங்குத் தண்ணீரை நாவில் தொட்டுத் தொட்டு வைத்தபடி, பிறகு தேவைப்படும் என்று காத்திருக்கிறார். மற்றவர் குடித்துவிட்டார். பின்னேரம் வேறொரு வள்ளம் கண்டு கட்டி இழுத்து வந்தபோது, குடித்தவர் எழுந்து நின்று கயிறு பிடித்தார். சித்தப்பா போத்தலைக் கட்டிப் பிடித்தபடி நினைவில்லாமல் கிடந்தார். போத்தலில் முக்கால்வாசி இருந்தது. ஆள் பிழைத்துவிட்டார். ஆனால் சாகும் வரை குருநகரில் அவருக்கு "முக்கால் போத்தல்" என்றுதான் பட்டம்.

"தண்ணி போத்தலுக்கை கிடந்து என்ன? உடம்புக்கை கிடக்க வேணும்" என்று கதையை முடித்தார்.

சித்திரைக் கடைசியில் காண்டாவன வெயில் தொடங்கும். உரும்பிராய்ச் செம்மண் காலில் சுடும். காற்று நின்றுவிட்டால் தகரக் கூரை வகுப்புகளில் பிள்ளைகள் கொப்பியால் விசிறிக்கொள்வார்கள். அந்த வருடம், தொண்ணூற்றிரண்டில், நான் நாலரை மாதக் கர்ப்பிணி. அது எனக்கு இரண்டாவது தடவை. முந்தின வருடம் இதே வெயிலில் சலக்கடுப்போடு காய்ச்சல் வந்து, ஐந்தாம் மாதத்தில் அழிந்து போனது. மருத்துவிச்சி இந்த முறை தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்: மருந்து கிடைக்கிறது கடினம், கடுப்பு வரவிடாமல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டில் குடித்தேன். காலையில் சைக்கிளில் ஏறினால், பள்ளிக்கூடம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வரை ஒரு மிடறு கூடக் குடிப்பதில்லை.

ஒருநாள் காலை கோண்டாவிலில் ஒரு மர நிழலில் ரீச்சர் சைக்கிளை நிறுத்திப் போத்தலை நீட்டினார். பிறகு குடிக்கிறேன் என்றேன். பிறகு என்றால் எப்போது என்றார். பள்ளிக்கூடம் முடிந்து என்றேன். அவர் போத்தலை மூடவில்லை. ஏன் என்று கேட்டார்.

காரணத்தைச் சொன்னேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகளுக்கு ஒரே ஒரு கக்கூசு. அது விளையாட்டு மைதானத்துக்கு அந்தப் பக்கம். போகிறவர் இந்தப் பக்கக் கிணற்றில் தண்ணீர் அள்ளி, வாளியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். மேல் வகுப்புப் பெடியன்கள் இருக்கும் மண்டபத்துக்குச் சுவர் அரைவாசிதான். வாளியோடு போகும் ரீச்சர் எங்கே போகிறார் என்று முழுப் பள்ளிக்கூடத்துக்கும் தெரியும். திரும்பி வந்து அதே பெடியன்களுக்குக் கேத்திரகணிதம் படிப்பிக்க வேண்டும். ஆகவே நாங்கள் ஒருவரும் போவதில்லை. போகாமல் இருப்பதற்காகக் குடிப்பதில்லை.

"நான் போறனான்தானே" என்றார் ரீச்சர்.

அது உண்மை. அவர் வாளியை வீசிக்கொண்டு மைதானத்தைக் கடப்பார். வழியில் பெடியன்களிடம் வீட்டுவேலை செய்தாயிற்றா என்றும் கேட்பார்.

"நீங்கள் போவியள் அக்கா. எங்களாலை ஏலாது."

"ஒருத்தருமோ?"

"ஒருத்தரும்."

"கடலிலை பொம்பிளையள் போறேல்லை. உது அப்பர் சொல்லித் தராத பாடம்" என்றார்.

அடுத்த நாள் அவர் அதிபரிடம் போய் மைதான ஓரமாகக் கக்கூசு வரைக்கும் ஒரு வேலி வேண்டும் என்று கேட்டார். கிணற்றையும் பக்கத்தில் நின்ற வேப்பமரத்தையும் உள்ளே விட்டு, ஆசிரியர் அறைப் பின்கதவில் இருந்து ஒரு ஒழுங்கை மாதிரி ஒடுக்கமான வழி. அதிபர் காசில்லை என்றார். காசு வேண்டாம் என்றார் ரீச்சர். பள்ளிக்கூடத்துக்குள் வேலி போட்டால் மாணவர் என்ன நினைப்பார்கள் என்று அதிபர் கேட்டார்.

"வாளியைப் பார்த்து நினைக்கிறதிலும் பார்க்க வேறை என்ன சேர் நினைக்கப் போகினம்?"

அதிபருக்கு மூன்று பெண்பிள்ளைகள். சரி என்றார்.

எங்கள் ஊர்களில் வெயில் காலந்தான் வேலி அடைக்கும் காலம். வீட்டுக்கு வீடு பழைய ஓலையைக் கழற்றித் தோட்டத்துக்கு எருவாகத் தாட்டுவிட்டுப் புதுக் கிடுகு கட்டுவார்கள். ஒவ்வொரு ஆசிரியையும் தன் வீட்டு வேலிக்கு வாங்கியதில் இருந்து கொஞ்சம் கொண்டுவர வேண்டும் என்று ரீச்சர் ஏற்பாடு செய்தார். ஒரு சனிக்கிழமை காலை, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கரியரில் கிடுகுக் கட்டுகளோடு பலாலி வீதியால் வரிசையாகப் போனோம். கிடுகின் நுனி பின்னால் தார் வீதியில் உரசிக்கொண்டு வந்தது. திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால் மரக்கறி வாங்க வந்த என் பெரியப்பா எங்களை மறித்து, ரீச்சர்மார் எல்லாரும் சேர்ந்து யாருக்கு வீடு வேயப் போகிறீர்கள் என்று கேட்டார். நான் குனிந்துகொண்டேன். குருநகர் ரீச்சர் சைக்கிளில் இருந்து இறங்கி, கக்கூசுக்குப் போகும் வழிக்கு வேலி அடைக்கப் போகிறோம் என்று மரியாதையாகச் சொன்னார். பெரியப்பா வெண்டிக்காயைத் தெரிந்தெடுக்கத் தொடங்கினார்.

கதியால் தடிகளை நடுவதை மட்டும் பள்ளிக்கூடப் பியோன் செய்து தந்தார். கட்டியது நாங்கள். வேலி கட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று குத்தூசியில் கயிற்றைக் கோத்து ஓலைக்குள்ளால் குத்துவார். உள்ளே நிற்பவர் வாங்கி இழுத்துத் திருப்பிக் குத்துவார். என்னை உள்ளே நிழலில் ஒரு வாங்கில் இருத்திவிட்டு ரீச்சர் வெளியே வெயிலில் நின்றார். ஓலை மறைத்ததால் முகம் தெரியவில்லை. ஊசி மட்டும் வந்து போனது. முகம் தெரியாததாலோ என்னவோ, முதல் பிள்ளையைப் பற்றி அன்றுதான் அவருக்குச் சொன்னேன். கணவரின் தாயான மாமி கூட முழுக்கக் கேட்டதில்லை. ஊசி ஒரு தடவை வரப் பிந்தியது.

"எனக்குப் பயமாக் கிடக்கு அக்கா."

"பயப்படும்" என்றது வேலிக்கு அந்தப் பக்கக் குரல். "பயந்துகொண்டு குடியும்."

திங்கட்கிழமை வேலி பச்சைக் கதியாலும் புதுக் கிடுகுமாக வடிவாக நின்றது. கக்கூசு வாசலில் ஒரு தார்ப் பீப்பாவைக் கழுவி வைத்துத் தண்ணீரும் நிரப்பியாயிற்று. வாளி தூக்கத் தேவையில்லை. ஆசிரியைகள் எல்லாரும் பார்த்துப் பாராட்டினோம். செவ்வாயும் போனது, புதனும் போனது. ஒருவரும் வேலிக்குள் போகவில்லை.

ரீச்சர் என்னைப் பிடித்துக் கேட்டார். அதைச் சொல்லவும் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஒழுங்கை ஒரே ஓர் இடத்துக்குத்தான் போகிறது. பின்கதவைத் திறந்து அதற்குள் இறங்கினால், முன்பு வாளி சொன்னதை இப்போது கதவு சொல்கிறது. ஆசிரியர் அறையில் மாஸ்ரர்மார் இருக்கிறார்கள். வேலி போட்டு மறைக்க வெளிக்கிட்டு, அதற்கு வாசலையும் வைத்துக் காட்டிக் கொடுத்துவிட்டோம்.

இன்னொருவராக இருந்தால் கோபித்திருப்பார், இவ்வளவு பாடுபட்டும் உங்களுக்கு வெட்கமா என்று கேட்டிருப்பார். ரீச்சர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியர் அறை மூலையில் எங்கள் குடிதண்ணீர் மண்பானை இருந்தது. அன்று பாடசாலை விட்ட பிறகு அவரும் பியோனுமாக அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தின் கீழ், மணல் பரப்பி வைத்துவிட்டார்கள். கக்கூசில் இருந்து நல்ல தூரம். மேலே ஒரு தட்டில் பேணிகள். அடுத்த நாள் அதிபர் பானை எங்கே என்று கேட்டதற்கு, அறைக்குள் வெக்கை, தண்ணீர் சுடுகிறது, மர நிழலில் காற்றுப் பட்டால் குளிரும் என்றார். அது முழுக்க உண்மை. பானைத் தண்ணீர் குளிரத்தான் செய்தது.

இனி அந்தக் கதவைத் திறந்து போகிறவர் தண்ணீர் குடிக்கப் போகலாம். அப்பாலும் போகலாம். யார் எது வரை போனார் என்று வேலிக்குத்தான் தெரியும். மாஸ்ரர்மாரும் அதே கதவால் போய்க் குடித்துவிட்டு வந்தார்கள். எங்களில் முதலில் போனது தமிழ் ரீச்சர். அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அடுத்தது நான். ஒழுங்கைக்குள் போனால் பானையைக் கடந்துதான் போக வேண்டும், கடந்துதான் வர வேண்டும். இரண்டு தடவையும் ஒவ்வொரு பேணி. காண்டாவனம் முடிவதற்குள் எங்கள் ஆசிரியர் அறையில் பின்னேரத் தலையிடிக்கு மாத்திரை கேட்கிறவர் இல்லாமல் போனார்.

வைகாசி போனது. ஐந்தாம் மாதமும் ஒரு கடுப்பும் இல்லாமல் போனது. ஆடி முடிவில் லீவு எடுத்தேன்.

பிள்ளை ஆவணியில் பிறந்தது. பெண். நிறை குறைவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே மாமி என்னை அறைக்குள் விட்டுக் கதவையும் யன்னலையும் சாத்தினார். தலைக்குத் துணி கட்டினார். அவர் நல்ல மனுஷி. தன் கையாலேயே சரக்கு அரைத்துப் பேறுகால மருந்தாகக் காயம் உருட்டித் தந்தார். ஆனால் பிள்ளை பெற்ற உடம்புக்குத் தண்ணீர் ஆகாது, வயிறு வைத்துவிடும் என்பதில் அவருக்கு இம்மியளவும் சந்தேகம் இல்லை. வெந்நீரில் வாய் நனைக்க அரைப் பேணி தருவார். ஆவணி வெயிலில் அந்த அறை போறணை அடுப்புப் போலக் கிடந்தது.

பால் போதவில்லை. பிள்ளை உறிஞ்சிவிட்டு முகத்தைத் திருப்பி அழுதது. அந்த நாட்களில் பால்மா கடைகளில் இல்லை. யாரோ ஒரு பேணி பால்மாவை ஒளித்து விற்பதாகக் கேள்விப்பட்டு என் கணவர் சுன்னாகம் வரை போய் வெறுங்கையோடு வந்தார். மாமி நேர்த்தி வைத்தார். அவருக்கும் இரவில் நித்திரை இல்லை. நான் தண்ணீர் கேட்டால், பிள்ளைக்காகப் பொறு பிள்ளை என்பார். அவர் சொன்னதும் பிள்ளைக்காகத்தான். அதை மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குருநகர் ரீச்சர் பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்தார். பிள்ளையைப் பார்த்தார். வழக்கம்போல என் உதட்டைப் பார்த்தார். நான் மாமி நின்ற பக்கம் கண்ணைக் காட்டினேன். இப்போது சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் எழுந்து குசினிக்குப் போய் மாமியோடு இருந்து கதைத்தார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. பத்தியம் யார் வைக்கிறது, காயத்துக்கு என்ன என்ன சரக்கு, மிளகு வறுத்தோ வறுக்காமலோ என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். மாமி மனம் குளிர்ந்து சொல்லிக்கொண்டு போனார். கடைசியில்தான் ரீச்சர் கேட்டார்.

"பால்சுறா குடுத்தனீங்களோ மாமி?"

பால் சுரக்கச் சுறா கொடுப்பது மாமிக்கும் தெரிந்ததுதான். எங்கே பிள்ளை இந்த நாளில் நல்ல சுறா என்றார். நாளைக்கு நான் வைத்துக்கொண்டு வருகிறேன், எங்கள் பக்கத்து முறை கொஞ்சம் வேறு என்றார் ரீச்சர். கரைப் பக்கத்தார் வைக்கிற மீன் பத்தியம் என்றால் மாமிக்கு மறுபேச்சு இல்லை.

மறுநாள் ஒரு பெரிய சட்டியோடு வந்தார். மிளகும் உள்ளியும் சீரகமும் மல்லியும் மணத்தது. மாமி எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளை, தண்ணியாக் கிடக்கே என்றார்.

"சத்தெல்லாம் அதுக்கைதான் மாமி இறங்கிக் கிடக்கு. மீனைச் சாப்பிடாட்டிலும் காரியமில்லை. உந்தச் சாறு ஒரு சொட்டு மிஞ்சப்படாது. மிஞ்சினால் பலன் இல்லை. சட்டி வெறுமையாகும் வரைக்கும் நீங்கள் பக்கத்திலை இருந்து பாருங்கோ. காலமை, மத்தியானம், பின்னேரம்."

மாமி வாங்கை இழுத்துப் போட்டு என் கட்டிலருகே இருந்துவிட்டார். நான் கோப்பையைக் கீழே வைக்கவும் விடவில்லை. சட்டியின் அடியில் மூன்று சின்ன மீன் துண்டுகள் இருந்தன. மற்றதெல்லாம் உப்புப் போட்ட நல்ல தண்ணீர். நான் ரீச்சரைப் பார்த்தேன். அவர் பூசைக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

அடுத்தடுத்த நாட்களில் மாமி முறையைக் கேட்டுத் தானே வைத்தார். மீன் கிடைக்காத நாளில், நேற்றைய சட்டியிலே இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சரக்குப் போட்டுக் கொதிக்க வைப்போம், சத்து அதற்குள் இருக்கும்தானே என்று அவரே சொன்னார். நான் குடித்தேன். அவ்வளவு சந்தோஷமாக எதையும் நான் குடித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோவிலால் வந்த ரீச்சர் அறைக்குள் எட்டிப் பார்த்தபோது பிள்ளை என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடி, கையை இறுக்கிப் பொத்திக்கொண்டு, நிறுத்தாமல். கடைவாயால் பால் வழிந்தது. மாமி வாசலில் நின்று அயல் வீட்டு மனுஷிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சுறாவென்றால் குருநகர்ச் சுறாதான், அந்தப் பிள்ளை கொண்டு வந்திராவிட்டால் என்ன செய்திருப்போம் என்று. ரீச்சரைக் கண்டதும், நீரே சொல்லும் என்றார்.

"ஓம் மாமி. சுறாதான்" என்றார் ரீச்சர்.

பிறகு கட்டிலோரம் வந்து குனிந்து, பிள்ளையின் சின்னத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெகு நேரம் நின்றார்.

"நல்லா விழுங்கிறாள்" என்றார்.